துடிப்பான நாயா, சாதுவான நாயா? மதுரையில் முதன்முறை நாய் வளர்ப்போருக்கு

எல்லீஸ் நகரில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் இருந்தபோது சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டை நாய் இனத்துக் குட்டி ஒன்றை வாங்கி வந்தேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு காட்டில் அதன் தாய் வரப்பைத் தாண்டி ஓடியதைப் பார்த்த நொடியிலேயே மனம் பறிபோய்விட்டது. அந்த ஓட்டத்துக்கு என் வீட்டில் இடம் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. ஆறு மாதம் ஆனதும் கதவின் அடிப்பலகையைப் பிறாண்டிப் பிறாண்டிச் சிராய்ச் சிராயாக உரித்துப் போட்டது. நான் வேலைக்குக் கிளம்பினால் பால்கனிக் கம்பிக்குள் முகத்தை நுழைத்து ஊளையிட்டது. கீழ்வீட்டு அம்மா மூன்று முறை மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நாயின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் தெருவில் நடத்திக் கூட்டி வந்தால் போதும் என்று நான் எண்ணியதுதான் குற்றம்.

கடைசியில் வாடிப்பட்டியில் தோப்பு வைத்திருக்கும் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இரண்டாம் வாரம் போய்ப் பார்த்தபோது அது வேறு நாயாக இருந்தது. விடிந்ததும் தோப்பைச் சுற்றி நாலைந்து ஓட்டம். பிறகு பம்பு செட் நிழலில் பகல் முழுக்கத் தூக்கம். என் வீட்டில் ‘அடங்காத நாய்’ என்று பெயர் வாங்கியது, அங்கே ஊரிலேயே சாதுவான நாயாகிவிட்டது. அந்தத் தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்யுங்கள், குட்டியைப் பார்க்கப் போவது கடைசியில்தான் வரும்.

முதலில் உங்கள் புதன்கிழமையை எழுதுங்கள்

ஞாயிற்றுக்கிழமையில் எல்லோருக்கும் நாய் வளர்க்க நேரம் இருக்கும். அதனால் ஒரு சாதாரண புதன்கிழமையைத் தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள், வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது, இரவு எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள்? பிள்ளைகள் ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்வார்கள். அவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் காலாண்டுத் தேர்வு வந்ததும் அந்த வேலை அம்மாவின் தலையில் விழும். ஆகவே பெரியவர்களின் நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

துடிப்பான இனத்து நாய்க்கு, வளர்ந்த பிறகு, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை வேண்டும். அதில் ஒரு பகுதி வார் இல்லாத ஓட்டமாக, வேலி அடைத்த இடத்தில் இருக்க வேண்டும். சாதுவான நாய்க்குக் காலையும் மாலையும் இருபது இருபது நிமிட நடை போதும். ‘சாதுவான நாய்’ என்பதற்கு ‘நடத்தவே வேண்டாத நாய்’ என்று பொருள் இல்லை. அப்படி ஒரு நாய் உலகத்தில் கிடையாது.

இன்னொரு சோதனையும் உண்டு. நாய் வாங்குவதற்கு முன் பதினைந்து நாள், காலை ஐந்தரைக்கு எழுந்து நாய் இல்லாமலே முக்கால் மணி நேரம் நடந்து வாருங்கள். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றலாம், திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் போகலாம், உங்கள் தெருவையே நாலு சுற்றுச் சுற்றலாம். பதினைந்தில் பன்னிரண்டு நாள் போனீர்கள் என்றால் துடிப்பான நாயைப் பற்றி யோசியுங்கள். ஐந்தாறு நாளோடு நின்றுவிட்டால் சாதுவானதைத் தேடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டு நாளிலேயே விட்டுவிட்டீர்கள் என்றால் இந்த ஆண்டு வேண்டாம். வாசலுக்கு வரும் தெருநாய்க்கு ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள், அதுவும் நல்ல காரியம்.

பிறகு வெயில்

நாய் இனங்களைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ‘தினமும் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள்’ என்று அங்கே எழுதிவிடலாம். சித்திரை மாதத்து மதுரையில் காலை எட்டு மணிக்கே தார்ச் சாலை சுடத் தொடங்கிவிடும். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் பாரன்ஹீட்டில் 101 முதல் 102.5 டிகிரி. 105 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இங்கே பங்குனி முதல் ஆடி வரை நாயை நடத்த உகந்த நேரம் காலை ஆறரைக்குள், இரவு ஏழுக்கு மேல். கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாத தரையில் அது நடக்கவும் கூடாது. துடிப்பான நாயை வாங்குகிறவர் இந்த நாலைந்து மாதத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஓட நேரம் குறையும்போது அதன் தெம்பு எங்கும் போய்விடாது. வீட்டுக்குள் வேலை கொடுத்துத்தான் தணிக்க வேண்டும். வேகவைத்த கோழித் துண்டுகளைப் பழைய துணிகளுக்குள் மடித்து வீட்டின் மூலைகளில் ஒளித்து வைத்துத் தேடவிடுங்கள். கால் மணி நேரம் மோப்பம் பிடித்துத் தேடிய நாய் நன்றாகக் களைத்துப் படுக்கும். என் சிப்பிப்பாறை இருந்த காலத்தில் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சாதுவான நாய் வேண்டும் என்று பக், ஷிட்சூ, புல்டாக் பக்கம் போகிறவர்களிடம்தான் எனக்கு மிகுந்த கவலை. சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை பிறவியிலேயே குறுகல். இரைத்துச் சூட்டைத் தணிக்க வேண்டிய உயிருக்கு இரைக்கவே சிரமம். அவை படுத்தே கிடப்பதில் ஒரு பங்கு குணம், ஒரு பங்கு மூச்சுத்திணறல். குறட்டை விடுகிறது என்று நாம் ரசிக்கும் ஒலி பல நேரங்களில் காற்றுக்காக அது படும் பாடு. வில்லாபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மே மாத மதியம் மின்சாரம் போன நேரத்தில், தகரக் கொட்டகையில் கட்டியிருந்த பக் இறந்துபோனது. அன்பாக வளர்த்த வீடு அது. வெயில் இவ்வளவு வேகமாகக் கொல்லும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏசி அறையும் மின்தடையைத் தாங்கும் ஏற்பாடும் இல்லாத மதுரை வீட்டில் சப்பை மூக்கு நாய் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எந்த நாயானாலும், வெயிலில் தள்ளாடினாலோ, எச்சில் கெட்டியாக வழிந்தாலோ, ஈறு அடர்சிவப்பாக மாறினாலோ, உடனே நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே அடைபடும், போர்த்த வேண்டாம். தானாகக் குடித்தால் தண்ணீர் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். ஓரளவு தணிந்ததும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். எழுந்து நடந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் வெளியே தெரியும்.

வீடும் தெருவும்

வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒளித்து வளர்த்துக் கடைசியில் நாயையும் வீட்டையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அங்கே ஓட்டத்தைவிடக் குரைப்பு பெரிய சிக்கல். பொமரேனியன் என்று நாம் அழைக்கும் வெள்ளை ஸ்பிட்ஸ் நாய்க்கு அதிக ஓட்டம் தேவையில்லைதான். ஆனால் தெருவில் பால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே குரைக்கும். அளவு சிறிது என்பதும் அமைதி என்பதும் வேறு வேறு.

நாகமலை புதுக்கோட்டை, ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் காம்பவுண்டு வைத்த தனி வீடு இருந்தால் துடிப்பான நாய்க்கு வசதிதான். ஆனால் பக்கத்து வீட்டில் கோழியோ வெள்ளாடோ இருக்கிறதா என்று பாருங்கள். வேட்டை இரத்தம் உள்ள நாய்க்கு ஓடும் எதுவும் இரைதான், அது யாருடைய கோழி என்று அதற்குத் தெரியாது.

நம் தெருக்களில் முக்குக்கு முக்கு நாய்க் கூட்டம் நிற்கிறது. முப்பது கிலோ எடையுள்ள துடிப்பான நாயை வாரில் பிடித்துப் போகும்போது நாலு தெருநாய்கள் சூழ்ந்தால், அதை இழுத்து நிறுத்தும் வலு கையில் வேண்டும். அறுபதைத் தாண்டிய பெற்றோர்தான் நடத்தப் போகிறார்கள் என்றால், எடை குறைந்த, நிதானமான, வளர்ந்த நாயைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த நாய் எப்படி

இனத்தின் பெயரை வைத்துக் குணத்தை முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது. 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு அலசினார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனம் என்ற காரணத்துக்கு ஏறத்தாழ 9 சதவீதப் பங்குதான் என்று அதில் தெரிந்தது. ஆகவே கீழே சொல்வதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, கண்ணெதிரே நிற்கும் நாயைப் பாருங்கள்.

லாப்ரடாரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மதுரையில் முதல் நாய் வாங்குகிறவர்களில் பலரும் அதைத்தான் கேட்கிறார்கள், ‘சாதுவான நாய்’ என்றுதான் கேட்கிறார்கள். அதன் மனம் சாது என்பது உண்மை. உடம்பு அப்படியில்லை. மீனவர்களோடு குளிர் கடலில் வேலை செய்த நாய்களின் வழிவந்த இனம் அது. இரண்டு வயது, சிலவற்றில் மூன்று வயது வரை செருப்பு, சோபா, மின்கம்பி என்று எதையும் விட்டுவைக்காது. நீங்கள் வேறு வீடுகளில் பார்த்து ஆசைப்பட்டது பெரும்பாலும் ஐந்து வயது லாப்ரடாராக இருக்கும். இன்னொன்று, அதன் பசி. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பசியையும் உடல் எடையையும் கூட்டும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். ‘பாவம், கேட்கிறதே’ என்று ஆளாளுக்கு ஓர் இட்லி போட்டால், ஓட வேண்டிய நாய் உருண்டையாகி மூட்டு வலியோடு படுத்துவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் ‘லாப்ரடார் சோம்பேறி’ என்கிறார்கள்.

பீகிள் சிறியதாக, சமர்த்தாகத் தெரியும். முயலை மோப்பம் பிடிக்க வளர்த்த இனம். மோப்பம் கிடைத்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. குரலும் கனம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஓட்டத்தைவிட மூளைக்கு வேலை வேண்டும். பழக்க நேரம் உள்ளவர் கையில் அது பொன். ஹஸ்கி பனியில் வண்டி இழுத்த நாய். அளவில்லாத தெம்பும் இரட்டை அடுக்கு ரோமமும் உள்ள அந்த நாயை மதுரையில் வளர்ப்பது அதை வதைப்பதுதான். நீலக் கண்ணுக்காக அதை வாங்காதீர்கள்.

இனி நம் மண்ணின் நாய்கள். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையும், கரிசல் காட்டுக் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் ஓட்ட நாய்கள். ஒட்டிய வயிறு, விலா எலும்பு தெரியும் மெலிந்த உடல், நீண்ட முகம். ‘சோறு போடுவதில்லையா’ என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அதன் கட்டமைப்பே அதுதான், கொழுக்க வைக்க முயல வேண்டாம். இவை வேகத்துக்குப் பிறந்தவை. ஆனால் ஒரு நல்ல ஓட்டம் ஓடி முடித்துவிட்டால் வீட்டில் இருக்குமிடம் தெரியாது. குட்டை ரோமம், நம் வெயிலில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடம்பு. தினமும் திறந்த இடத்தில் ஓடவிட முடிந்தவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை என்பேன். முயல் வேட்டைக்குக் கூட்டிப் போகலாம் என்று எண்ணினால், அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ராஜபாளையம் வேறு வகை. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளில் ஒன்று இதற்கு. பால் வெள்ளை நிறம், ரோஜா நிற மூக்கு, உயரமான கட்டுடல். வீட்டில் ஒருவரோடு உயிராக ஒட்டிக்கொள்ளும், அந்நியரை ஏற்காது. தினம் பத்துப் பேர் வந்துபோகும் கடை வீட்டுக்கு இது பொருந்தாது. தேனி மாவட்டத்துக் கோம்பையும் காவல் குணம் கூடியது. முதன்முறை வளர்ப்பவருக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே நாய் பழக்கியவர் வீட்டில், தோட்டத்தில், நன்றாக இருக்கும்.

சாதுவான நாய், மதுரை வெயில் தாங்க வேண்டும், செலவு கட்டுப்பட வேண்டும் என்று மூன்றும் கேட்டால் என் பதில் நாட்டு நாய்தான். ‘தெருநாய்’ என்று தள்ளிவைக்கும் அந்த நாயைப் பாருங்கள்: நடுத்தர அளவு, நீண்ட மூக்கு, குட்டை ரோமம், வெயிலில் நிழல் தேடிப் படுத்து மாலையில் எழும் பழக்கம். இந்த ஊரில் எப்படி வாழ வேண்டும் என்று அதற்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதிலும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட, கருத்தடை செய்த நாயைத் தத்தெடுத்தால் குணம் முன்பே தெரிந்துவிடும். குட்டியிடம் நீங்கள் ஊகிக்கிறீர்கள்; வளர்ந்த நாயிடம் நேரில் பார்க்கிறீர்கள். இப்போது என் வீட்டில் இருப்பது செல்லூர் சந்தில் அடிபட்டுக் கிடந்த ஒரு செவலை. காலை நடை முடிந்தால் வாசற்படியில் படுத்துக்கொள்ளும். மாலை வரை அதற்கு வேறு ஆசை இல்லை.

குட்டியை நேரில் பார்ப்பது

ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். காலையில் ஒரு முறை, இன்னொரு நாள் மாலையில் ஒரு முறை போங்கள். மதியம் போனால் எல்லாக் குட்டியும் தூங்கும், எல்லாம் சாதுவாகவே தெரியும். தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் உங்களைக் கண்டு பதறுகிறதா, கொஞ்சம் முகர்ந்துவிட்டு அமைதியாகிறதா? தாயைக் காட்ட மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.

ஒரே ஈத்துக் குட்டிகளிலும் குணம் வேறுபடும். முதலில் ஓடி வந்து உங்கள் செருப்பைக் கடிக்கும் குட்டி ‘நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டது’ என்று நெகிழ்வோம். அதுதான் அந்த ஈத்திலேயே அதிகத் துடிப்புள்ளது. மூலையில் ஒடுங்கி நடுங்கும் குட்டியைச் சாது என்று எண்ணாதீர்கள், அது பயம். பயந்த நாய் பின்னால் கடிக்கலாம். சற்று நின்று பார்த்து, தானாக வந்து முகர்ந்து, மடியில் சிறிது நேரம் நிற்கும் குட்டிதான் முதன்முறை வளர்ப்பவருக்கு ஏற்றது. தரையில் ஒரு சாவிக்கொத்தைப் போடுங்கள்: திடுக்கிட்டுப் பிறகு அருகே வந்து பார்த்தால் நல்ல அடையாளம்.

ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி தூங்கும்போது, காற்று அதன் மேல் படாதபடி பின்னால் தள்ளி நின்று கை தட்டுங்கள். உடன்பிறப்புகள் எழுந்து அது மட்டும் எழவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிய பிறகே பேசுங்கள்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி தவறு. ‘சின்னதாக இருந்தால்தான் ஒட்டும்’ என்று முப்பது நாள் குட்டியைத் தருவார்கள். கடிக்கும் பலத்தை அளந்து பழகுவதே தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான். அதற்குள் பிரித்தால் அந்தப் பாடம் இல்லாமல் போய்விடும்.

எப்போது கூட்டி வருவது

சித்திரை, வைகாசி வேண்டாம். வெயில் ஒரு காரணம். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் விடிய விடிய மேளமும் வேட்டும் ஓயாது. புது வீட்டுக்கு வந்த குட்டிக்கு அது தாங்காது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் வேண்டாம். கார்த்திகையிலிருந்து தை வரை நல்ல காலம். அப்போது வந்த குட்டி, வெயில் ஏறுவதற்குள் தடுப்பூசிகளை முடித்து, நடைக்குப் பழகியிருக்கும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில், குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான தடுப்பூசி தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என நான்கு மாத வயது வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இவை முடியும் வரை தெருவில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டே பஸ் சத்தம், கோயில் மணி, பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் எல்லாவற்றையும் காட்டுங்கள். குட்டியில் கண்டு பழகாததைக் கண்டுதான் பெரிய நாய் பயப்படும். உண்ணியைத் தினமும் காது மடலிலும் விரல் இடுக்கிலும் தேடுங்கள். துடிப்பான நாய் திடீரென்று ‘சாதுவாகி’ச் சாப்பாட்டையும் மறுத்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பொருந்தவில்லை என்றால்

இவ்வளவும் செய்தும் சில நேரம் பொருந்தாது. முதலில் மூன்று மாதம் பொறுங்கள். நடையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள், மோப்ப விளையாட்டைக் கூட்டிப் பாருங்கள், மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியும் முடியாவிட்டால் நீங்களே நல்ல இடம் தேடிக் கொண்டுபோய் விடுங்கள். போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். அழகர்கோவில் சாலையிலோ நான்குவழிச் சாலை ஓரத்திலோ இறக்கிவிட்டுப் போகும் கார்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நாய் அதே இடத்தில் நாட்கணக்கில் வண்டிகளைப் பார்த்தபடி நிற்கும்.

வீட்டுக்கு வந்த அன்றே கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிக் கட்டிவிடுங்கள். துடிப்பானதோ சாதுவானதோ, வாசல் கதவு திறந்த நொடியில் பழைய வீட்டைத் தேடி ஓடுவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான்.